நில்லாத இயந்திரமும் திருப்தி என்னும் உபதேசமும்

பாலக்காட்டுக் கணவாயின் உட்புறத்தில், தமிழகத்தின் எல்லையை ஒட்டி, சிற்றூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எருத்தேன்பதிக்கு, கேரளத்தின் மற்றப் பகுதிகளை நனைக்கும் பெருமழையில் அதிகப் பங்கு கிடைப்பதில்லை. சித்திரை வெயிலின் பங்கோ குறைவின்றிக் கிடைக்கிறது. வெப்பம் 40 பாகையை எட்டும் நாட்களில், அங்கே ஒரு வீட்டின் பழைய ஃப்ரீசர் இரவும் பகலும் ஓயாமல் உறுமிக்கொண்டிருப்பதும், "கட் ஆகவே மாட்டேங்குது" என்று வீட்டார் கோழிஞ்சாம்பாறைக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கைத் தேடுவதும் ஆச்சரியத்துக்குரிய செய்திகள் அல்ல. ஆனால் அந்த ஓயாமையின் காரணத்தை ஆராயப் புகுந்தால், நம் சமய நூல்கள் நெடுங்காலமாக விவாதித்து வரும் ஒரு பிரச்னையின் வாசலில் போய் நிற்கிறோம்.

குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்துக்கு உஷ்ணம் தானாகச் செல்லாது என்ற இயற்கை விதியை, கிளாசியஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1850-ல் வகுத்துச் சொன்னார். உள்ளே சுழிக்குக் கீழ் 18 பாகை, வெளியே 40 பாகை என்றால், 58 பாகை வேற்றுமையை எதிர்த்து கம்ப்ரசர் உஷ்ணத்தை வெளியேற்றியாக வேண்டும். ஆகவே உழைப்பு அதற்குக் குற்றமல்ல, ஸ்வதர்மமே. சிறிது நேரம் ஓடி, வேண்டிய குளிர் வந்ததும் நின்று, குளிர் குறைந்தபின் மறுபடி ஓடுவதே நல்ல பெட்டியின் லக்ஷணம். நில்லாத பெட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் குளிர் வேண்டியதற்கு மேல் வந்துவிட்டிருக்கும். ஆயினும், வந்துவிட்டதை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் பழுதாகிவிட்டதால், அது ஓடிக்கொண்டே இருக்கும். மற்றொன்றில் வேண்டிய குளிர் ஒருபோதும் வருவதேயில்லை: கதவின் ரப்பர் கேஸ்கட் இறுகிப் பிளந்து வெளிக்காற்று உள்ளே புகலாம், பின்புறத்துக் காயிலில் தூசி அப்பி உஷ்ணம் வெளியேற வழியற்றுப் போகலாம், குழாய்களுக்குள் இருக்கும் கேஸ் சிறுகச் சிறுகக் கசிந்து குறைந்திருக்கலாம். வெளியில் நின்று செவியால் மாத்திரம் கேட்பவனுக்கு இரண்டின் ஓசையும் ஒன்றே. உள்ளே ஓர் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தாலன்றி வேற்றுமை விளங்காது.

மனிதரின் ஓயாமையும் இவ்விரண்டு வகைப்பட்டதே என்பது என் துணிபு. கிடைத்தது போதும் என்று அறியாமல் மேலும் மேலும் ஈட்டுகிறவன் முதல் வகையினன். அவனுக்குத் திருப்தியை உபதேசிப்பது உசிதம். ஆனால் விடியுமுன் தென்னந்தோப்புக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ போய், அந்தியில் திரும்பி, அடுப்படியில் மறுபடி நின்று, வாரந்தோறும் வட்டிக்காரனுக்குக் கொடுத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாத ஒரு பெண், ஆசையினாலா ஓயாமல் ஓடுகிறாள்? அவள் ஈட்டுவதெல்லாம் கசிந்து போகிறது. அவளிடம் போய் மனத்தை அடக்கு, உள்ளது கொண்டு மகிழ் என்று சொல்வது, கேஸ்கட் கிழிந்த பெட்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மாற்றுகிற வேலையே அன்றி வேறில்லை. கர்மம் செய்யாமல் ஒரு கணமும் எவரும் இருப்பதில்லை என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்வதை எடுத்துக் காட்டி அவள் உழைப்பைக் கர்மயோகம் என்று புகழ்வாரும் உளர்; அந்தப் புகழ்ச்சி எனக்கு இன்னும் கசக்கிறது. பற்றின்றிச் செயல் புரிவது வேறு, நிற்க வழியின்றிச் செயல் புரிவது வேறு. தாயுமானவர் வேண்டிய மௌன நிலையோ, நின்றால் அடுப்பெரியாத வீட்டில் எட்டாக் கனி.

இதைச் சமயத்துக்கு விரோதமான பேச்சு என்று எவரும் கருத வேண்டாம். 1893 செப்டம்பர் 20-ல், சிகாகோ சர்வமத மகாசபையிலேயே, பசித்திருக்கும் ஜனங்களுக்கு மதத்தை அளிப்பது அவர்களை அவமதிப்பதாகும் என்ற கருத்தை விவேகானந்தர் வெளியிட்டார். அவர் 1897 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது தங்கியிருந்த கடற்கரை மாளிகை, அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்தெடுத்துக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான். கம்ப்ரசரும் மின்சாரமும் இல்லாத அக்காலத்தில், உலகத்தின் பாதியைச் சுற்றி வந்த பனிக்கட்டியைக் காத்தது, உஷ்ணத்தைப் புகவிடாமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்றே. கசிவை அடைத்தால் ஓட்டம் எவ்வளவு குறையும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எருத்தேன்பதியில் அந்தப் பெட்டியை வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது சுலபம்: கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் கேஸ்கட்டை மாற்றுங்கள், காயிலின் தூசியைத் துடையுங்கள், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் மெக்கானிக்கை அழையுங்கள். எல்லைப்புற ஊர்களின் கோயில் திருவிழாக்களுக்குப் பிரசங்கம் செய்ய வரும் பெரியவர்களிடம் என் விண்ணப்பம் வேறு. மேடையேறுமுன், எதிரே அமர்ந்திருப்பவர்கள் எந்த வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, திருப்தியைப் பற்றிப் பேசலாமா என்பதைத் தயைகூர்ந்து தீர்மானியுங்கள்.