நான்கு விரல் இடைவெளி

பரணிலிருந்து இறக்கிய கேமரா பைக்குள் கைவிட்டால் விரல் ஒட்டுகிறது. புளித்த வாடை வேறு. வெளித்துணியில் ஒரு கீறல் கிடையாது, ஜிப் புதிதுபோல் ஓடுகிறது, வாங்கியபோது வந்த அட்டைகூட இன்னும் தொங்குகிறது. நல்ல விலை கொடுத்த பையாயிற்றே என்று பாலித்தீன் உறையில் சுற்றி, வெயிலும் மழையும் படாமல் பத்திரப்படுத்தியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். அதே பையை வாங்கிக் கல்யாண மண்டபம் மண்டபமாகத் தூக்கி அலைந்தவருடையது வெளுத்து, ஓரம் நைந்து, இன்னும் வேலைக்குப் போய்வருகிறது. கேமராக்காரர்கள் மத்தியில் இது அபூர்வமான கதை அல்ல.

காரணம் வேதியியலில் இருக்கிறது. நைலான் துணி தன்னளவில் மழையைத் தடுக்காது. அதன் உட்புறம் பூசிய பாலியூரித்தேன் படலம்தான் தடுக்கிறது. ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் 1937இல் உருவாக்கிய பொருள் அது. அதில் ஒரு வகை எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்து, நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு விலகும்போது எஸ்டர் பிறக்கிறது. காற்றின் ஈரம் படலத்துக்குள் ஊடுருவும்போது அந்தப் பிறப்பு பின்னோக்கி நடக்கிறது. விலகிய நீர் திரும்பி வருகிறது, பிணைப்பு அறுகிறது, அமிலம் மிஞ்சுகிறது. மிஞ்சிய அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதைத் துரிதப்படுத்துகிறது. பாடப்புத்தகம் இதை நீராற்பகுத்தல் என்கிறது. பையைத் தோளில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் இது நடக்கும். வேண்டியது ஈரமும் சூடும் மட்டுமே. காற்றோட்டமில்லாத உறைக்குள் ஈரத்தோடு அடைத்துவைத்தால் இரண்டுக்கும் குறைவில்லை. 1970களின் ஜப்பானிய எஸ்எல்ஆர் கேமராக்களின் பின்கதவில் ஒளி கசியாமலிருக்க ஒட்டிய பாலியூரித்தேன் நுரைப்பட்டைகள் கருப்புப் பிசினாகக் கரைந்ததும் இதே குடும்பத்துச் சாவுதான்.

ஆக, பரண் பையின் சொந்தக்காரர் செய்த தவறு என்ன? பொருளைக் கவனிக்காமல் விட்டதா, அல்லது அதன்மேல் அளவுக்கு மீறி ஆசை வைத்ததா? பேணுதலும் பற்றும் எங்கே பிரிகின்றன என்பது இந்தியத் துறவு மரபுகள் நெடுங்காலம் மோதிக்கொண்ட கேள்வி. விநோதம் என்னவென்றால், அந்த மோதலின் பெரும்பகுதி துணியை வைத்தே நடந்தது.

சமணத்தின் இரு பிரிவுகளும் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தை ஏற்கின்றன. உடைமை என்பது பொருள் கையில் இருப்பதல்ல, அதன்மேல் கொள்ளும் மயக்கமே என்பது அந்த நூலின் நிலை. சுவேதாம்பரர் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டனர்: மயக்கம் இல்லையென்றால் வெள்ளாடை குற்றமில்லை. ஆடையையே துறந்த திகம்பரரின் ஆசிரியர்கள் விடவில்லை. துணி என்று ஒன்று இருந்துவிட்டால் அதை யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும், கிழிந்தால் தைக்க வேண்டும், அழுக்கானால் துவைக்க வேண்டும், காயப்போட வேண்டும், திருடன் எடுத்துப்போவானோ என்று பயப்பட வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவே மயக்கம் இல்லாத மனம் எங்கிருந்து வரும் என்று அடுக்கிக் கேட்டனர்.

கேமரா வைத்திருப்பவர் எவரும் திகம்பரர் பக்கம் சாய்வார். கேமராவுக்குப் பை, பைக்கு மழை உறை, உள்ளே சிலிக்கா ஜெல், அதையெல்லாம் வைக்க ட்ரை கேபினட், அதன் ஈரப்பத முள் 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கிறதா என்று தினமும் ஒரு பார்வை. கடலோர ஊர்களில் ஈரப்பதம் 70 சதவீதத்தை அநாயாசமாகத் தாண்டும்போது இந்தக் கவலை வீண் என்றும் சொல்ல முடியாது. லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதைவிடக் குறைந்த ஈரமே போதும்.

பௌத்தம் வேறு வழியில் போயிற்று. சீவரம் எனும் துறவாடை மூன்றும் ஒரு பிச்சைப் பாத்திரமும் போதும் என்று எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில், துணியைப் பராமரிப்பது பற்றி வியக்கவைக்கும் நுணுக்கங்கள் இருக்கின்றன. சீவரங்களைக் கண்ட இடத்தில் வைத்ததால் எலியும் கறையானும் தின்றன; அதனால் வைப்பறையும் அதற்கொரு பொறுப்பாளரும் அனுமதிக்கப்பட்டதாக அதன் மகாவக்கப் பகுதி சொல்கிறது. வியர்வையில் நனைந்த சீவரத்தைச் சற்று நேரம் மட்டும் வெயிலில் காட்ட வேண்டும். வெயிலிலேயே விட்டுவிடக் கூடாது. மடிக்கும்போது இரண்டு ஓரங்களும் நேராகச் சேரக் கூடாது. ஒன்றை நான்கு விரல் தள்ளி மடிக்க வேண்டும். நட்டநடுவில் மடிப்பு விழுந்து அங்கேயே துணி விட்டுப்போகாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

பூச்சுத் துணியைக் கையாளும் இன்றைய தொழில்காரர் இந்த மூன்று விதிகளில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. மழை உறையை ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டில்தான் படலம் முதலில் வெடிக்கும். மடிப்பை இடம் மாற்ற வேண்டும், முடிந்தால் தளர்வாகச் சுருட்ட வேண்டும். சாஃப்ட்பாக்ஸின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் இதுதான். மழையில் நனைந்த பையை ஜிப்பெல்லாம் திறந்து, உட்புறம் வெளியே தெரிய, நிழலில் காற்றாட விட வேண்டும். கடும் வெயிலின் புற ஊதாக் கதிர் நைலான் இழையையே பலவீனமாக்கும். அழுக்கை ஈரத்துணியாலும் கொஞ்சம் மென்மையான சோப்பாலும் துடைத்தால் போதும். வாஷிங் மெஷின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கடைசி ஈரமும் போன பிறகே அலமாரி, அதுவும் காற்றுப் புகும் பருத்தி உறையில். அந்துருண்டை போடும் பழக்கம் பட்டுப்புடவையோடு நிற்கட்டும். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், லென்ஸுக்கும் நல்லதல்ல.

ஆனால் திகம்பரரின் கேள்வி அப்படியே நிற்கிறதே? இத்தனை கவனமும் வேறு பெயரில் வந்த பற்றுதானே?

இதற்கு விநயத்தின் பதில் அந்த விதிகள் வரும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. நான்கு விரல் மடிப்பு தன் சீவரத்தைப் பற்றிய விதியாகச் சொல்லப்படவில்லை. சீடன் தன் உபாத்தியாயருக்குச் செய்ய வேண்டிய பணிகளின் வரிசையில் வருகிறது. மடிக்கும் கை ஒருவருடையது, துணி இன்னொருவருடையது. கூடுதல் சீவரத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற விதியின் பின்னணி இன்னும் சுவையானது. புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஒரு சீவரம் கிடைக்கிறது. அதைச் சக சீடர் சாரிபுத்தருக்குக் கொடுக்க ஆசை. சாரிபுத்தரோ சாகேத நகரில் இருக்கிறார். எப்போது வருவார் என்று புத்தர் கேட்க, ஒன்பது பத்து நாளில் என்கிறார் ஆனந்தர். அப்படியானால் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என்று விதி தளர்த்தப்படுகிறது. சேமிப்பின் எல்லையைத் துணியின் ஆயுளோ வைத்திருப்பவரின் விருப்பமோ தீர்மானிக்கவில்லை; பெற்றுக்கொள்ள வேண்டியவர் வந்துசேரும் நாள் தீர்மானித்தது.

உமாஸ்வாதி சொன்ன மயக்கம் உள்ளதா இல்லையா என்பதை மனதுக்குள் நுழைந்து பார்க்க வழியில்லை. விநயம் அந்தச் சிரமத்தைத் தவிர்த்துவிடுகிறது: துணி யாருக்காக மடிக்கப்படுகிறது, எதுவரை வைக்கப்படுகிறது என்று வெளியிலிருந்தே கேட்கலாம். பரண் பைக்கு இந்த இரண்டுக்கும் விடையில்லை. அது யாருடைய தோளுக்காகவும் காத்திருக்கவில்லை. ஸ்டுடியோவில் நள்ளிரவு வரவேற்பு முடிந்து வந்து, மறுநாள் முகூர்த்தத்துக்கு வேறொருவர் எடுத்துப்போகப்போகும் பையைத் துடைத்துக் காயவைக்கும் உதவியாளரின் கையிலிருப்பதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பை அவருடையதே அல்ல. அவரளவுக்குப் பூச்சுத் துணியை அறிந்தவர்களும் அதிகம் பேர் இல்லை.

கேமராவின் உள்ளேயும் ஒரு பூச்சுத் துணி உண்டு. 1925இல் சந்தைக்கு வந்த முதல் லைக்காவிலிருந்து இன்றும் தயாராகும் அதன் ஃபிலிம் கேமராக்கள் வரை, ஷட்டரின் திரை ரப்பர் பூசிய துணிதான். லென்ஸ் மூடியைக் கழற்றிச் சூரியனைப் பார்க்க வைத்துவிட்டால் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் திரையில் பொத்தல் போட்டுவிடும். இது கவனக்குறைவால் வரும் கேடு. எதிர்த்திசைக் கேடும் உண்டு: ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் துணி விறைக்கும், எண்ணெய் இறுகும், குறைந்த வேகங்கள் தடுமாறும். அவ்வப்போது ஷட்டரை எல்லா வேகத்திலும் இயக்கிப் பார்க்கச் சொல்வார்கள் பழுதுபார்ப்பவர்கள். உள்ளே வைக்கும்போது ஸ்பிரிங்கை முறுக்காமல் வைக்கவும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் ஆயுதபூஜையும் இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டியதே. கேமரா, லென்ஸ், லைட் ஸ்டாண்டு எல்லாம் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையில் உட்காரும். அன்று ஒருநாள் அவற்றுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வேலையைத் தொடங்கியாக வேண்டும். கருவியைத் தெய்வமாக்கும் சடங்கேகூட அதை அலமாரியில் தெய்வமாக வைத்திருக்கச் சம்மதிக்கவில்லை. (பூசிய சந்தனத்தைப் பையிலிருந்து உடனே துடைத்துவிடுவது நல்லது, ஈரம் ஈரம்தான்.)

இவ்வளவு தூரம் பொருந்திவந்த பழைய ஞானம் ஓரிடத்தில் கைவிடுகிறது. கோசாம்பியின் உதேன மன்னனுடைய அந்தப்புரத்து மகளிர் ஆனந்தருக்கு 500 சீவரங்களைக் கொடுத்துவிடுகின்றனர். மன்னனுக்குக் கோபம்: இந்தத் துறவி துணிக்கடையா போடப்போகிறார்? நேரே போய்க் கேட்கிறான். ஆனந்தரின் பதில் படிப்படியாக இறங்குகிறது. சீவரம் நைந்த பிக்குகளுக்குப் புதியவை போகும். நைந்த பழையவை மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அது கால்துடைக்கும் துணியாகும், பிறகு தூசி தட்டும் துணியாகும். கடைசியில் துண்டுதுண்டாக வெட்டிச் சேற்றோடு பிசைந்து தரை பூசுவோம். மன்னன் மகிழ்ந்து இன்னொரு 500 கொடுக்கிறான்.

பாலியூரித்தேன் பூசிய நைலானை இந்தப் படிகளில் இறக்கிப் பார்த்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உரிந்த படலத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு சுரண்டி எடுத்துவிட்டு, மழை காக்காத வெறும் பையாக வயர்களுக்கும் ஸ்டாண்டுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு கொக்கி, வார், நெஞ்சுப்பட்டை இவற்றைக் கழற்றி வேறு பைக்கு மாட்டலாம். மிச்சமிருக்கும் துணி இரண்டு பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிய பொருள். பிரித்து உருக்குவது கடினம். சென்னையில் என்றால் அது பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகும். மண்ணோடு அதைப் பிசைய முடியாது.

மெழுகு பூசிய பருத்திக் கான்வாஸுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மெழுகு தேய்ந்தால் மறுபடி தேய்த்துச் சூடு காட்டி ஏற்றிவிடலாம்; பருத்தி ஒருநாள் மக்கவும் செய்யும். 1970களின் நடுவில் பிலடெல்ஃபியா இன்குயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி தனக்காக வடிவமைத்த பை வெறும் கான்வாஸ் பைதான். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. நம் ஊர் மழைக்கு வெறும் கான்வாஸ் தாங்காது என்பது உண்மை. அதற்குத் தனி மழை உறை ஒன்றைப் பக்கப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த உறை பூச்சுத் துணியாகத்தான் இருக்கும், சில ஆண்டுகளில் அதுவும் ஒட்டத் தொடங்கும். அப்போது மாற்ற வேண்டியது முழுப் பையை அல்ல, உள்ளங்கையில் அடங்கும் அந்த ஒரு துண்டை.