அந்தக் காலம் எப்படி இருந்தது

அமெரிக்காவின் தொடக்க கால வரலாற்றைப் படிக்கும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: மனிதனை மனிதன் விலைக்கு வாங்கினானே, அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லையா? பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "அந்தக் காலம் அப்படி." இந்தப் பதிலை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வர்ஜீனியாவின் பழைய தீர்ப்புகளும் சட்டங்களும் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், காலம் தானாக அப்படி ஆகவில்லை, பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி அப்படி ஆக்கினார்கள் என்பது விளங்கும்.

1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் வர்ஜீனியாவின் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது. அடுத்த மாதக் கடைசியில், பாயின்ட் கம்ஃபர்ட் துறைக்கு வந்த 'ஒயிட் லயன்' என்ற கப்பல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கொடுத்துவிட்டு உணவுப் பண்டங்களை வாங்கிப் போனது. அங்கோலாவில் போர்த்துகீசியர் பிடித்து ஏற்றிய ஆட்கள் அவர்கள். நடுக்கடலில் போர்த்துகீசியக் கப்பலை மறித்துப் பறிக்கப்பட்டவர்கள். அவர்கள் விற்கப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றைய வர்ஜீனியாவில் அடிமை என்றால் யார், எத்தனை காலத்துக்கு, அவர் பிள்ளைகள் யார் என்று சொல்லும் சட்டம் ஒன்றுகூடக் கிடையாது. புகையிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் இங்கிலாந்திலிருந்து சில ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த ஏழைகள்.

1640-க்கு வருவோம். ஹியூ க்வின் என்பவரிடமிருந்து மூன்று வேலையாட்கள் மேரிலாந்துக்குத் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர் விக்டர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிரெகரி, மூன்றாமவர் ஜான் பன்ச் என்ற கறுப்பர். மூவருக்கும் முப்பது முப்பது கசையடி. பிறகு, வெள்ளையர் இருவரும் எஜமானுக்குக் கூடுதலாக ஓராண்டும், அதன்பின் காலனிக்கு மூன்றாண்டும் உழைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஜான் பன்ச் மட்டும் உயிர் உள்ள வரை எஜமானுக்கு உழைக்க வேண்டும். செய்த குற்றம் ஒன்று, ஓடிய இரவு ஒன்று, அடியும் ஒன்று. இன்ன சட்டத்தின்படி இந்த வேறுபாடு என்று தீர்ப்பில் இல்லை. அவர் நிறம் மட்டும் இருக்கிறது. இந்த ஒரு பக்கத்தை மாணவர் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் பேசவிடலாம்.

எலிசபெத் கீயின் வழக்கை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். அவர் அப்பா தாமஸ் கீ ஆங்கிலேயர், சபை உறுப்பினராக இருந்தவர். அம்மா ஆப்பிரிக்கப் பெண். அப்பா இறந்த பிறகு, வேலைக்குக் குறித்த கெடு முடிந்தும் எலிசபெத்தை யாரும் விடவில்லை. 1655-இல் அவர் நீதிமன்றம் போனார். ஆங்கிலேயச் சட்டத்தில் பிள்ளை தகப்பன் வழி. என் தகப்பன் சுதந்திரமானவன். நான் ஞானஸ்நானம் பெற்றவள். என் கெடுவும் முடிந்துவிட்டது என்பதுதான் வாதம். முதலில் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார், சபை வரை வழக்கைக் கொண்டுபோய் 1656-இல் விடுதலை வாங்கினார். அவருக்காக வாதாடிய வில்லியம் கிரின்ஸ்டெட்டையே பிறகு மணந்துகொண்டார். ஒரு கறுப்பினத் தாயின் மகள் சட்டம் பேசி வென்ற காலமும் அதுவேதான்.

ஆறே ஆண்டில், 1662-இல், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சபை சட்டம் போட்டது. பல நூற்றாண்டு ஆங்கில வழக்கம் ஒரே வரியில் தலைகீழானது. அடிமைப் பெண்ணிடம் எஜமான் பெற்ற பிள்ளையும் இனி அவன் சொத்துதான். 1667-இல் ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாது என்று இன்னொரு சட்டம். எலிசபெத் நுழைந்த கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். 1669 சட்டமோ, எஜமான் அடிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலைக் குற்றம் ஆகாது என்றது. தன் சொத்தைத் தானே வேண்டுமென்று யாரும் அழிக்க மாட்டார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். படிக்கவே நெஞ்சு பதறும் வாக்கியம் இது. என்றாலும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

1676-இல் நத்தேனியல் பேகன் என்பவர் ஆளுநர் பெர்க்லிக்கு எதிராகக் கலகம் செய்து ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தினார். அவரை விடுதலை வீரராக்கத் தேவையில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத பமுங்கி போன்ற பூர்வகுடிகளையும் அவர் படை வேட்டையாடியது. ஆனால் அந்தக் கலகத்தில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பர்களும் சேர்ந்தே ஆயுதம் ஏந்தினார்கள். கடைசி வரை ஆயுதத்தைக் கீழே போட மறுத்தவர்களில் எண்பது பேர் கறுப்பர், இருபது பேர் ஆங்கிலேயர். தோட்ட முதலாளிகளை இந்தக் கூட்டு எவ்வளவு அச்சுறுத்தியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கிலாந்திலிருந்து கூலிகள் வருவது குறைந்ததும், ஆப்பிரிக்கரைக் கொண்டுவரும் வணிகம் பெருகியதும் வலுவான காரணங்கள்தான். எப்படியானாலும் 1705 சட்டம் என்ன செய்தது என்பதில் குழப்பமில்லை. ஒப்பந்தம் முடிந்து போகும் வெள்ளை வேலையாளுக்குப் பத்து புஷல் மக்காச்சோளம், முப்பது ஷில்லிங், ஒரு நல்ல துப்பாக்கி. அடிமை ஆயுதம் தொடக் கூடாது. அவன் வளர்த்த குதிரை, மாடு, பன்றியைப் பிடுங்கி விற்று, அந்தப் பணத்தை ஊரிலுள்ள ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். சேர்ந்து நின்ற இரண்டு ஏழைகளில் ஒருவனிடமிருந்து எடுத்து மற்றவனுக்குக் கொடுக்கச் சட்டமே வழி செய்தது.

"யாருக்கும் தெரியவில்லையா" என்று கேட்கும் பிள்ளைக்கு இன்னொரு வழக்கையும் காட்டலாம். வெள்ளைப் பெண்ணுக்கும் கறுப்பருக்கும் பிறந்த பிள்ளை 31 வயது வரை கட்டாய வேலை செய்ய வேண்டும் என்பதும் 1705 சட்டத்தின் ஒரு பிரிவு. 1723-இல் அது அடுத்த தலைமுறைக்கும் நீண்டது. அந்தக் கட்டு பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து தனக்கும் வந்து சேர்ந்திருந்த சாமுவேல் ஹோவெல் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கு 1770-இல் விசாரணைக்கு வந்தது. காசு வாங்காமல் வாதாட வந்தவர் 27 வயது வழக்கறிஞர் ஒருவர். இயற்கைச் சட்டத்தின்படி மனிதர் எல்லாரும் சுதந்திரமாகவே பிறக்கிறார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் வாதிட்டார். அவர் பெயர் தாமஸ் ஜெஃபர்சன். ஆறு ஆண்டு கழித்து விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் அவரே; தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவரும் அவரே. 1770-இல் அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஹோவெல் மீண்டும் எஜமானிடமே அனுப்பப்பட்டார்.