குப்பை யாருடைய பொறுப்பு?

ஜனத்தொகை பெருகியதால்தான் குப்பை பெருகிவிட்டதென்று நம் கடைகளில் பேசிக்கொள்கிறோம். இது பாதி உண்மையே. 1970இல் சுமார் 1 கோடி 4 லட்சமாயிருந்த மலேசியாவின் ஜனத்தொகை, 2020இல் 3 கோடி 24 லட்சமாயிற்று. ஆனால் அதே காலத்தில், ஒரு தாய் பெறும் பிள்ளைகளின் சராசரி ஐந்துக்கு அருகிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கியது. குடும்பம் சிறுத்தும் குப்பைக்கூடை சிறுக்கவில்லை. ஒவ்வொருவரும் வாங்குவதும் எறிவதும் கூடியதே காரணம்.

வாங்குவது குற்றமா? அன்று. அரிசியையும் கருவாட்டையும் கணக்குப் பார்த்து வாங்கிய தோட்டக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று பழமும் இறைச்சியும் உண்பது மகிழத்தக்கதே. அந்த விருத்தியால்தான் நம் கடைகளும் தழைத்தன. அவர்களைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பணம் கல்லாவில் விழுந்ததும் வியாபாரியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா?

நம் ரெங்கத்துக்கு அருகே சிம்பாங் ரெங்கத்தில் நடந்ததைப் பார்ப்போம். அங்கிருந்த குப்பைமேட்டின் கசிவுநீர் பெனூட் ஆற்றில் கலந்து, 2019இல் அம்மோனியா மிகுந்து, நீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பலமுறை நிறுத்த நேர்ந்தது. ஜனங்கள் வாளியுடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். அழுகும் உணவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அது நீரில் மிகுந்தால், கிருமி நீக்கப் போடும் குளோரின் வலுவிழக்கிறது. அதில் எந்தக் கடையின் கழிவு எவ்வளவென்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பிரிக்க இயலாததாலேயே ஒருவருக்கும் பங்கில்லை என்பது நியாயமாகுமா? லாபத்தில் பங்கு கேட்பவன் நஷ்டத்திலும் பங்கேற்பதன்றோ கூட்டு வியாபாரம்!

"நான் ஒருவன் திருந்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடுமே" என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் இதைத் தனித்தனியே அல்லாமல், சங்கமாகக் கூடிச் செய்ய வேண்டும். விற்பனை அறிந்து காய்கறி தருவிப்போம். வாடத் தொடங்கியதை மாலையில் விலை குறைத்துக் கொடுப்போம். உணவுக்கடைகளில் மிச்சத்தைத் தனியே பிரித்து, எருவாக்க விரும்பும் தோட்டக்காரர்களுக்கு அளிப்போம். எல்லாக் கடைகளும் ஒத்துக்கொண்டால் எவருக்கும் வாடிக்கை குறையாது.

வீண்விரயம் கூடாதென்பது நம் பிள்ளைகள் மதரஸாவில் கற்கும் பாடம். ஒளூ செய்யும்போது தண்ணீரைச் சிக்கனமாகப் பிடிக்கும் நாம், கடையின் பின்வாசலில் அந்தத் தண்ணீரையே கெடுக்கலாகாது.