சுவருக்குள் நடப்பது

விக்டோரியா காலத்துத் துப்பறியும் கதை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது லண்டன் மூடுபனியும், காஸ் விளக்கும், இருட்டுச் சந்தும்தான். பாவம் நகரத்தில் வசிக்கிறது, புண்ணியம் கிராமத்தில் குடியிருக்கிறது என்பது மனிதனுடைய மிகப் பழைய நம்பிக்கைகளில் ஒன்று.

இந்த நம்பிக்கையைக் கானன் டாயில் ஒரு ரயில் பிரயாணத்திலேயே உடைத்துப் போடுகிறார். 1892-ல் வெளிவந்த 'காப்பர் பீச்சஸ்' கதையில், பசுமைக்கு நடுவே தனித்தனியே தெரியும் பண்ணை வீடுகளைக் கண்டு வாட்ஸன் மகிழ்கிறார். ஹோம்ஸுக்கோ அச்சம் உண்டாகிறது. லண்டனின் மிக மட்டமான சந்திலும் அடிபடும் குழந்தையின் அலறல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இங்கே யார் காதில் விழும் என்பது அவருடைய கவலை. அக்கதையில் பணத்துக்காகப் பெற்ற மகளையே அறையில் பூட்டி வைத்திருக்கிறார் ஒரு தகப்பனார்.

இது கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாது. 1860-ல் வில்ட்ஷயரில், ரோடு என்ற கிராமத்துப் பெரிய வீடொன்றில், நான்கு வயது நிரம்பாத சிறுவன் கொலையுண்டான். லண்டனிலிருந்து சென்ற இன்ஸ்பெக்டர் விச்சர், அவ்வீட்டின் பதினாறு வயதுப் பெண்ணைச் சந்தேகித்தார். சாமானியனான ஒரு போலீஸ்காரன் கனவான் வீட்டுப் பெண்மீது பழி சுமத்துவதா என்று நாடு கொதித்தது. அவர் பெயர்தான் கெட்டது. 1865-ல் அந்தப் பெண்ணே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

இந்த வழக்கின் சாயல் படிந்த நாவல், வில்கி காலின்ஸ் 1868-ல் எழுதிய 'மூன்ஸ்டோன்'. யார்க்ஷயர் மாளிகையில் வைரம் காணாமல் போனதும், முதலில் சிறைக்குப் போகிறவர்கள் மூன்று இந்தியர்கள். அதை அமுக்கிக்கொண்டவரோ, தர்மக் கூட்டங்களில் பேசிப் புகழ் பெற்ற பெரிய மனிதர். அந்த வைரமே 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொலை செய்து கொள்ளையடிக்கப்பட்டதாகக் கதை சொல்கிறது. அமைதியான மாளிகைக்குள் குற்றம் புதிதாக நுழையவில்லை. அது பரிசாகவே வந்து சேர்ந்தது.

ஆகவே, இடம் எவரையும் நல்லவராக்குவதில்லை. அழகான இடம் நம் சந்தேகத்தைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஹோம்ஸ் நம்பும் அண்டை வீட்டுக்காரர் போதுமா? அலறலைக் கேட்டும் கேளாதவர்போல் இருப்பவர்கள் நகரத்திலும் உண்டே! காதோடு, கதவைத் தட்டும் துணிவும் வேண்டும். விச்சர் தட்டினார். உள்ளே இருந்தவர்களைவிட, வெளியே நின்ற கௌரவமான மனிதர்கள்தாம் அவரை அதிகம் வெறுத்தார்கள். அதுவும் குற்றத்தில் ஒரு பங்குதான்.