பிள்ளைகள் பெருங்குற்றஞ் செய்தவிடத்துப் பெற்றோர் கடன்

பாடசாலைப் பிள்ளையொருவன் பிறன் பொருளைக் கவர்ந்தான், அல்லது மற்றொரு பிள்ளையைக் கடுங்காயப்படுத்தினான் என்று அறிவிக்கப்பட்டவுடன் பெற்றோர் செய்யுங் காரியம் பெரும்பாலும் இரண்டிலொன்றாம். சிலர் தலைமையாசிரியரிடம் ஓடிவந்து, “ஐயா, இது வெளியே தெரியாமற் பார்த்துக்கொள்ளுங்கள், குடும்பமானம் போய்விடும்” என்று இரந்து நிற்பர். சிலர் விறாந்தையிலே பலருங் காணப் பிள்ளையைப் புடைத்து, “இவன் எனக்குப் பிள்ளையல்லன்” என்று உதறிச் செல்வர். முன்னையது அன்பென்றும் பின்னையது நீதியென்றும் உலகம் எண்ணும். இரண்டும் ஒரு வேரிலே தோன்றியவை என்பது நமது துணிபு. இரு திறத்தாரும் நோக்குவது தம் மானத்தையே. பொருளிழந்தவனையும் காயப்பட்டவனையும் நோக்கினாரல்லர்.

இவ்விடத்துக் கருதற்பாலது, திருத்தொண்டர் புராணத்துத் திருநகரச் சிறப்பிலே சேக்கிழார் சுவாமிகள் அமைத்த மனுச்சோழர் சரித்திரமாம். வகுப்பிலே இதனைக் கதையாகச் சொல்லி, மணியையும் தேரையும் படமெழுதுவித்து அமைதல் பெருவழக்கு. கதையின் உயிர்நிலை தேர்க்காலில் இல்லை. அரசன் அமைச்சரோடு செய்த வாதத்தில் உள்ளது. பசுவதைக்கு அந்தணர் விதித்த பிராயச்சித்தத்தை இளவரசன் செய்துகொண்டாற் போதுமென்று அமைச்சர் கூறினர். அரசனோ, கன்றையிழந்து அலறுகின்ற பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமோ என்று வினாவினான். அயலானொருவன் கொன்றால் அவனைக் கொல்வதும், தன் மகன் கொன்றால் தவஞ்செய்ய விடுவதும் எவ்வாறு முறையாகும் என்றுங் கேட்டான். அவன் முதற்கண் நோக்கியது மகனையன்று, குலப்பெருமையையுமன்று. கோட்டினால் மணியடித்து நின்ற பசுவையே. இளவரசனும் கொடியவனல்லன். கன்று மாண்டமை கண்டு நடுங்கி, தந்தை அறியுமுன் கழுவாய் செய்துகொள்வேமென்றே அந்தணரை நாடினான். தவறிய பிள்ளை இறுதியிலே வாய்திறப்பது தந்தையிடத்தே போலும், அக்காலத்தும் இவ்வாறே.

நமது தேசத்து மகாவம்சமும், அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட எல்லாளன்மேல் இதனையொத்த சரிதை கூறும். பௌத்த பிக்குவால் இயற்றப்பட்ட அந்நூல், தன் சமயத்தவனல்லாத அவ்வரசனது நடுவுநிலையை மறையாது கூறியமை போற்றத்தக்கது. அதனினும் நாம் பெரிதாக மதிப்பது மற்றொன்று. ஒருகால் அவனது தேர்நுகம் பட்டு ஒரு தூபி சிதைந்தது. அரசன் இறங்கி வீதியிற் கிடந்து, தேர்ச்சில்லினாலே தன் தலையையும் அறுக்கச் சொன்னான். அமைச்சர் தடுத்துத் தூபியைச் செப்பனிடுமாறு கூற, பெயர்ந்த 15 கற்களுக்காக 15,000 கஹாபணஞ் செலவிட்டானென்ப. மகனுக்கு ஓரளவும் தனக்கு ஓரளவும் அவன் வைத்திலன். தந்தை தன் கடையிலே நிறைகுறைத்து விற்றுக்கொண்டு மகனைக் களவின்பொருட்டுப் புடைப்பானாயின், மகன் உள்ளூர நகையானோ?

மகனைத் தேர்க்காலில் இடுக என்பது நமது கருத்தன்று. தண்டித்தல் அரசினது கடன். நமது நாட்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் 12 வயதிற்குட்பட்ட பிள்ளையின் செய்கையைக் குற்றமாகக் கொள்ளாது. பெற்றோருக்குரிய தண்டம் வேறு. சிவஞானசித்தியாரிலே அருணந்தி சிவாசாரியர், இறைவனது முனிவுங் கருணையேயென்று காட்டுதற்குப் பெற்றோரை உவமை கூறினார். சொற்கேளாப் புதல்வரை வளாரினால் அடித்தலும் பரிவே என்னும் அதனைக் காட்டிப் பிரம்பெடுப்பார் இன்றும் உளர். பாடசாலையில் உடற்றண்டனை ஆகாதென்று கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தமை ஒருபுறமிருக்க, அவ்வுவமையின் பொருள் வளாரன்று, பரிவே. பரிவில்லாத அடியை இறைவன் முனிவோடு ஒப்பிடுதல் அபசாரமாம்.

பரிவின்றிச் சினந்த தந்தையையுஞ் சேக்கிழார் காட்டியருளினார். சேய்ஞலூர் எச்சதத்தன், தன் மகன் விசாரசருமன் ஊர்ப்பசுக்களின் பாலைக் கறந்து மணலிற் சொரிகின்றான் என்று சபையார் சொல்லக் கேட்டான்; உடனே மன்னிப்பு வேண்டி, இனி நிகழின் குற்றம் தன்னதே என்றான். மறுநாள் குராமரத்தேறி ஒளித்திருந்து பார்த்தான். இறங்கிவந்து தண்டினாலே அடித்தான். திருமஞ்சனப் பாற்குடத்தைக் காலால் இடறினான். சபைக்கு மறுமொழி சொன்னான், மரமேறினான், அடித்தான். மகனை அழைத்து, “அப்பா, ஏன் இவ்வாறு செய்கின்றாய்?” என்று மாத்திரங் கேட்டிலன். கேட்டிருப்பின் அம்மணல் சிவலிங்கமென்பது தெரிந்திருக்கும். எல்லாப் பிள்ளையும் விசாரசருமனல்லன். ஆயினும் எல்லாத் தந்தைக்கும் அக்கேள்வி வேண்டும்.

நாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே கெட்ட குமாரன் கதையைப் பலகாற் கேட்டிருக்கின்றோம். ஓடிவந்து தழுவிய அத்தந்தையின் அன்பைக் குறைகூறோம்; அது எச்சதத்தனிடத்து இல்லாத குணம். ஆயின் அக்குமாரன் அழித்தது தன் பங்கை. பிறன் பங்கை அழித்து வந்தவனுக்குத் தழுவுதல் மாத்திரம் போதாது.

ஆதலின், ஆசிரியர்களே, மூடிமறைக்கும்படி இரக்கும் பெற்றோரை வையாதீர்கள். இருத்தித் தண்ணீர் கொடுத்து, இழந்தவன் யார் என்று முதலிற் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குத் தந்தையே போகட்டும். அவர்கள் காண விரும்பாராயின் வற்புறுத்தலாகாது. செய்தி சொல்லியனுப்பிக் காத்திருத்தல் வேண்டும். குற்றத்தைப் பிள்ளை தன் வாயாலே சொல்லுக. தந்தை பக்கத்தில் நிற்க, பேசாதிருக்க. பணமாயின் தந்தையின் மடியிலிருந்து ஒரே நாளிற் கொடாது, தோட்டத்திலே இறைத்தும் களைபிடுங்கியும் பிள்ளையே சிறிது சிறிதாகத் தீர்க்குமாறு செய்க. சட்டத்திற்கு அறிவிக்கவேண்டிய குற்றமாயின் அறிவித்து, தந்தையுந் தாயும் நீதித்தலத்தின் வாயில்வரை உடன் செல்க.

அப்பிள்ளை மறுபடி வகுப்புக்கு வரும் நாளிலே, இடாப்பில் அவன் பெயர் வரும்பொழுது, முன்னும் பின்னுமுள்ள பெயர்களை அழைத்த அதே குரலில் அழையுங்கள்.