கண்ணைப் பழக்கியது யார்?

முதுகலை நாட்டியப் படிப்பின் கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு குழு நடனம் அமைக்க வேண்டும். ஆடுபவர்களை நாமே ஆடிஷன் வைத்து எடுத்துக்கொள்ளலாம். கூடப் படிப்பவர்களும் இளைய வகுப்புப் பிள்ளைகளும் வரிசையாக நிற்க, தட்டுக்கழியோடு எதிரே உட்கார்ந்தேன். இவர்களை எடைபோட நான் யார் என்ற கேள்வி அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

நான் கலாக்ஷேத்ரா வழியில் பரதம் கற்றவள். அரைமண்டி நன்றாகத் தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, கை நேர்க்கோட்டில் நீண்டால்தான் என் கண்ணுக்கு நிறைவு. வழுவூர் பாணியில் பயின்ற ஒரு பெண் நாட்டடவு போட்டாள். கை போகும் பக்கம் உடம்பும் குழைந்து சாய்ந்தது. சுத்தம் போதாது என்று எழுதப் போன பேனா பாதியில் நின்றது. சுத்தம் என்று நான் எதைச் சொல்கிறேன்? என் குரு எனக்குள் நிறுத்திவைத்த உடம்பைத்தானே! திறமையை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பழகியதை மட்டுமே தேடுகிறோம். பெண் பார்ப்பதிலும் வேலைக்கு ஆள் எடுப்பதிலும் நடப்பது இதுதான்.

ஆகவே, தயார் செய்துகொண்டு வந்ததை ஆடியது போதும் என்றேன். யாருக்கும் தெரியாத ஒரு மிஸ்ர நடை ஜதியை அங்கேயே சொல்லிக்கொடுத்து, இருவர் இருவராக ஆட வைத்தேன். தனியாக ஆடும்போது அசத்திய ஒரு பையன், ஜோடி தடுமாறியபோதும் திரும்பிப் பார்க்காமல் தன்பாட்டுக்கு முடித்தான். அந்த வழுவூர்ப் பெண்ணோ ஜதி தவறியதும் கையை விட்டுவிட்டாள். காலில் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளின் மிதியைக் காதால் வாங்கி, அடுத்த சுற்றில் 'தகிட தகதிமி'க்குச் சரியாகக் கையோடு வந்து சேர்ந்தாள். எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் படைப்புக்கு அந்தக் காது வேண்டும். அவளை எடுத்தேன்.

பழகிய உடம்பைத் தாண்டித் தேடியவர்கள் முன்பே உண்டு. நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா'வில் பரதக் கலைஞர்களோடு களரிப்பயட்டுக்காரர்களையும் மேடையேற்றினார். ஜெர்மனியின் பீனா பௌஷ் 1978இல் அமைத்த 'கோன்டாக்ட்ஹோஃப்' படைப்பை, 2000இல் 65 வயது கடந்த, நடனக் கலைஞர்கள் அல்லாத ஊர்க்காரர்களை வைத்து ஆட வைத்தார். படைப்புக்கு என்ன தேவை என்று தெரிந்தவர்களுக்கு உடம்பைப் பார்க்கும் விதமே வேறு.

எடுத்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஒத்திகையில் பார்த்துக்கொள்வோம். எடுக்காதவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். அதில் தன் பெயர் இல்லாத பிள்ளை, தனக்கு ஆட்டமே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் அந்த ஒரு படைப்புக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இதை நாம் சொன்னால்தானே தெரியும்?

ஆடிஷன் வைக்கும் நண்பர்களே, எடுக்காதவர்களை அன்றைக்கே கூப்பிட்டு, காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புங்கள்.