செங்காந்தள் நஞ்சும் நரம்பு இழையும்

திருப்பதியைச் சுற்றியுள்ள சேஷாசல மலைக்காடுகளில் வளரும் செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. செல்லுக்குள் நுண்குழல்களை உருவாகவிடாமல் கெடுப்பது அதன் வேலை. கருவில் வளரும் நரம்பு செல்லுக்கோ அந்தக் குழல்களே ஆதாரம். அதன் இழை முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளவேண்டியதாயிற்றே! சித்தூர்க்காரர்கள் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டுவதுபோல, சில புரதங்கள் குழல்களைப் பற்றி நிறுத்துகின்றன. 1975-இல் கண்டறியப்பட்ட டௌ அவற்றில் ஒன்று. நரம்பு செல்லில் முளைத்த பல இழைகளில் எதன் குழல்கள் முதலில் உறுதிப்படுகின்றனவோ, அதுவே நீண்ட இழையாகும். டபுள்கார்டின் என்ற இன்னொரு புரதம் பழுதானால் நரம்பு செல்கள் உரிய இடம் சேராமல், குழந்தையின் மூளை மடிப்பின்றி வழவழப்பாகிவிடலாம், வலிப்பும் வரலாம். இந்தக் குழல்களையே கெடுக்கும் செங்காந்தள் கிழங்கை நாட்டு மருந்தென்று யார் கொடுத்தாலும் வாயில் வைக்காதீர்கள்.